கடலிலிருந்து எத்தனை மீட்டர்?

இந்தியாவை முறையாக அளக்கும் வேலை 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் தேதி பறங்கிமலை அடிவாரத்தில் தொடங்கியது. வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி அங்கிருந்து பெரும்பாக்கம் வரை ஏழரை மைல் நீளத்துக்கு எஃகுச் சங்கிலியைக் கிடத்தி ஓர் அடிக்கோடு அளந்தார். அந்தக் கோட்டின்மேல் முக்கோணம் முக்கோணமாக அடுக்கிக்கொண்டு போய்த்தான் பிற்பாடு இமயமலைச் சிகரங்களின் உயரத்தைக் கணக்கிட்டார்கள். லாம்டனின் மார்பளவுச் சிலை இன்று மலைமேல் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் மீனம்பாக்கம் விமான நிலையம் காலடியில் விரிந்து கிடக்கும். விமானிக்கோ அந்த மலை சரித்திரச் சின்னமோ புனிதத் தலமோ இல்லை. வரைபடத்தில் உயரம் குறிக்கப்பட்ட ஒரு தடை, அவ்வளவுதான்.

கணக்கு எளிது. மீனம்பாக்கம் விமான நிலையத்தின் உயரம் கடல்மட்டத்திலிருந்து 52 அடி, அதாவது 16 மீட்டர். பெரிய ஓடுபாதையைச் சுற்றி நாலு கிலோமீட்டருக்குள் எதுவும் விமான நிலைய மட்டத்திலிருந்து 45 மீட்டருக்கு மேல் எழக்கூடாது என்பது சர்வதேச விதி. ஆக, 61 மீட்டர்தான் எல்லை. பறங்கிமலையின் உயரம் ஏறக்குறைய 300 அடி, 90 மீட்டரை ஒட்டியது. எல்லையைத் தாண்டி முப்பது மீட்டர் அளவுக்குத் தலை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்காக மலையை யாரும் இடிக்கப் போவதில்லை. அது எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரம் என்பது மீனம்பாக்கத்துக்கு வரும் ஒவ்வொரு விமானிக்கும் தெரியும். விமானங்கள் போகும் வழிகள் அதைக் கணக்கில் கொண்டே வகுக்கப்பட்டவை.

விமான நிலையத் தடைகள் என்ற விஷயம் முழுவதும் இரண்டே கேள்விகளில் அடங்கிவிடும். எதிலிருந்து அளந்த உயரம்? அந்த உயரம் யாருக்குத் தெரியும்? முதல் கேள்வியில் தவறினால் வரைபடம் பொய்யாகும். இரண்டாவதில் தவறினால் சரியான வரைபடமும் உதவாது.

முதலில் அந்தக் கண்ணுக்குத் தெரியாத எல்லைகளைப் பார்ப்போம். 1944இல் சிகாகோவில் நாடுகள் கையெழுத்திட்ட சிவில் விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்துக்குப் பல இணைப்புகள் உண்டு. விமான நிலையங்களைப் பற்றியது 14ஆம் இணைப்பு. ஓடுபாதையைச் சுற்றியுள்ள வானத்தில் சில கற்பனைப் பரப்புகளை அது வரைந்து வைத்திருக்கிறது. மேலே சொன்ன 45 மீட்டர் உயரத் தட்டைப் பரப்பு அவற்றில் ஒன்று. அதன் விளிம்பிலிருந்து, 20 மீட்டர் வெளியே போனால் ஒரு மீட்டர் உயரும்படி சாய்ந்த இன்னொரு பரப்பு கிளம்பி, மேலும் இரண்டு கிலோமீட்டர் சென்று 145 மீட்டர் உயரத்தில் முடிகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், விளிம்பு விரிந்த பெரிய தாம்பாளம் ஒன்றை ஊருக்கு மேலே தூக்கிப் பிடித்த மாதிரி இருக்கும். தாம்பாளத்துக்குக் கீழே நாம் வீடு கட்டிக்கொள்ளலாம், மேலே விமானம் வட்டமடித்து இறங்கலாம் என்பது ஏற்பாடு.

ஓடுபாதையின் இரு முனைகளிலும் விதி இன்னும் கடுமை. கருவி வழிகாட்டுதலில் பெரிய விமானங்கள் இறங்கும் பாதைக்கு, ஓடுபாதை நுனியிலிருந்து 60 மீட்டர் தள்ளித் தரையில் தொடங்குகிறது அணுகுப் பரப்பு. முதல் மூன்று கிலோமீட்டருக்கு நூற்றுக்கு இரண்டு வீதம் ஏறும். அடுத்த 3.6 கிலோமீட்டருக்கு நூற்றுக்கு இரண்டரை. அப்படி 150 மீட்டரை எட்டியபின் மட்டமாகி, மொத்தம் 15 கிலோமீட்டர் வரை நீளும். போகப் போக இரு பக்கமும் விரிந்துகொண்டே போகும். விமான நிலையத்தின் மதில் சுவர் முடிகிற இடத்தில் விமான நிலையம் முடிந்துவிடுவதாகத்தான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அதன் எல்லை பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தொலைவில் யாரோ ஒருவர் வீட்டு மொட்டைமாடிக்கு மேலே இருக்கிறது.

இந்தச் சரிவுகள் எங்கிருந்து வந்தன? வழக்கமாக விமானம் இறங்குவது மூன்று டிகிரி சாய்வில். கிலோமீட்டருக்கு 52 மீட்டர் இறக்கம். ஓடுபாதை நுனியைச் சுமார் 15 மீட்டர் உயரத்தில் கடக்கும். ஆகவே நுனிக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் அது இருக்க வேண்டிய உயரம் 172 மீட்டர். அதே இடத்தில் அணுகுப் பரப்பின் உயரம் 60 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இடையில் நூறு மீட்டருக்கு மேல் இடைவெளி. இவ்வளவு தாராளம் எதற்கு என்று கட்டடம் கட்டுவோர் கேட்பதுண்டு. காற்று கீழே அமுக்கலாம், உயரமானியில் அழுத்தம் தவறாக வைக்கப்பட்டிருக்கலாம், மேகத்துக்குள் விமானி சற்றுத் தாழ்ந்து வரலாம், கடைசி நொடியில் இறங்காமல் மறுபடி மேலே கிளம்ப வேண்டி வரலாம். அந்த நூறு மீட்டர் இவை எல்லாவற்றுக்குமான பங்கு.

கிளம்பும்போது கதை வேறு. விமான நிறுவனத்தின் கணக்குப்படி ஒவ்வொரு புறப்பாட்டிலும் மிக மோசமான கணத்தில் ஒரு என்ஜின் அணைந்துவிடுகிறது. நிஜத்தில் அப்படி நடப்பது அபூர்வம். ஆனால் கணக்கு அதற்குத்தான். இரண்டு என்ஜின் விமானம், ஒன்று அணைந்து, சக்கரங்களை உள்ளே இழுத்துக்கொண்ட பிறகு, நூறு மீட்டருக்குக் குறைந்தது 2.4 மீட்டர் ஏறியாக வேண்டும். அதிலும் பாதுகாப்புக்காக 0.8ஐக் கழித்து, 1.6 மீட்டர்தான் ஏறும் என்று வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டில் போனாலும் எல்லாத் தடைகளையும் 35 அடி விலக்கில் தாண்டுமா என்று பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. புறப்பாட்டுக்கென 14ஆம் இணைப்பு வரைந்த பரப்பின் சரிவு நூற்றுக்கு இரண்டு. விமானத்தின் கணக்கு நூற்றுக்கு 1.6. மூன்று கிலோமீட்டர் தொலைவில் முதலாவது 60 மீட்டரையும் இரண்டாவது 48 மீட்டரையும் தருகின்றன. நடுவில் உள்ள 12 மீட்டர் நான்கு மாடி உயரம். அந்த நான்கு மாடியைச் சட்டப்படியே கட்டலாம். எந்த விதியும் மீறப்பட்டிருக்காது. ஆனால் சித்திரை வெயிலில் முழுப் பாரத்தோடு கிளம்பும் விமானம் அதைத் தாண்ட முடியாமல் சில டன் சரக்கையோ சில பயணிகளையோ இறக்கிவிட்டுப் போக நேரலாம். அதனால்தான் நூற்றுக்கு 1.2 என்ற இன்னும் தாழ்வான சரிவைத் தொடும் எல்லாப் பொருட்களையும் தனியாக ஒரு தடை வரைபடத்தில் குறித்து வெளியிடுகிறார்கள். மீறலைக் கண்டுபிடிப்பது அந்த வரைபடத்தின் வேலையில்லை. எத்தனை கிலோ ஏற்றலாம் என்று விமான நிறுவனம் கணக்குப் போடுவதற்கு அது தேவை.

இனி முதல் கேள்வி. எதிலிருந்து அளப்பது?

கடல்மட்டத்திலிருந்து என்று எல்லோரும் சொல்லிவிடுவோம். கடல்மட்டம் என்பது எது என்று கேட்டால்தான் சிக்கல். இந்தியாவின் பழைய உயர அடிப்படை, 1909 வாக்கில், சென்னை, நாகப்பட்டினம் உள்ளிட்ட ஒன்பது துறைமுகங்களில் பல ஆண்டுகள் அலையேற்றம் பார்த்து எடுத்த சராசரி. அங்கிருந்து நாடு முழுவதும் மட்டக்கருவியைத் தூக்கிக்கொண்டு நடந்து, கல்லில் குறி வெட்டி உயரத்தைப் பரப்பினார்கள். இன்றைய நில அளவையாளர் அப்படி நடப்பதில்லை. ஜிபிஎஸ் கருவியை முக்காலியில் நிறுத்துகிறார். செயற்கைக்கோள்களுக்குக் கடல் தெரியாது. அவை பூமியை ஒரு வழுவழுப்பான நீள்வட்டக் கோளமாகக் கற்பனை செய்துகொண்டு, அதன் மேற்பரப்பிலிருந்து உயரம் சொல்கின்றன. நிஜக் கடல் அந்தக் கற்பனைக் கோளத்தோடு ஒட்டி நிற்பதில்லை. பூமிக்குள் பாறை அடர்த்தி இடத்துக்கு இடம் மாறுவதால் ஈர்ப்பும் மாறுகிறது. ஈர்ப்பு குறைந்த இடத்தில் கடல் தாழ்ந்தும், மிகுந்த இடத்தில் உயர்ந்தும் நிற்கிறது.

உலகத்திலேயே கடல் மிகத் தாழ்ந்து நிற்கும் இடம் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், கற்பனைக் கோளத்திலிருந்து 106 மீட்டர் பள்ளமாக நிற்கிறது கடல். பூமியின் ஆழத்தில் சூடான, அடர்த்தி குறைந்த பொருள் மேலெழுந்து வருவது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2023இல் எழுதினார்கள். அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் தமிழ்நாடும் இலங்கையும் உட்கார்ந்திருக்கின்றன. சென்னையில் இந்த வேறுபாடு 85 மீட்டர் அளவுக்கு வரும், கொழும்பில் இன்னும் அதிகம். மெரினா மணலில் நின்றுகொண்டு, திருத்தம் செய்யாத ஜிபிஎஸ் கருவியில் உயரம் பார்த்தால் மைனஸ் எண்பது சொச்சம் மீட்டர் என்று காட்டும். சில கைபேசிச் செயலிகளும் இதையே காட்டும். கைபேசி கெட்டுவிட்டது என்று நினைத்தவர்கள் உண்டு. கைபேசி சரியாகத்தான் சொல்கிறது, வேறொரு பூமியை வைத்துக்கொண்டு.

சுற்றுலாப் பயணிக்கு இது வேடிக்கை. கட்டடத்துக்கு அனுமதி கேட்பவருக்கு அப்படியில்லை. எல்லை கடல்மட்டத்திலிருந்து 61 மீட்டர், மனையின் உயரம் கடல்மட்டத்திலிருந்து 12 மீட்டர் என்றால் 49 மீட்டர் கட்டிக்கொள்ளலாம். அதே மனைக்கு, திருத்தாத ஜிபிஎஸ் உயரமான மைனஸ் 73ஐ யாராவது எழுதிக் கொடுத்துவிட்டால், காகிதத்தில் 134 மீட்டருக்கு இடம் இருப்பதாகத் தெரியும். பிழை 45 மீட்டர் தட்டைப் பரப்பின் உயரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஜெர்மனியிலோ கனடாவிலோ இதே கவனக்குறைவு நடந்தால் அத்தனை பெரிய பிழை வராது. புவியியல் நமக்கு வைத்த தனிப் பரீட்சை இது. ஒவ்வொரு ஓடுபாதை நுனிக்கும் இந்த வேறுபாடு எத்தனை மீட்டர் என்பதை நாடுகள் தங்கள் விமானத் தகவல் ஏட்டில் தனியே அச்சிடுவதற்குக் காரணம் இருக்கிறது.

அளவின் துல்லியத்துக்கும் விதி உண்டு. நாடு முழுவதிலும் 100 மீட்டருக்கு மேல் உயர்ந்த பொருட்களுக்கு, கிடைநிலையில் 50 மீட்டர், உயரத்தில் 30 மீட்டர் பிழை வரை பொறுத்துக்கொள்வார்கள். விமான நிலையத்தை நெருங்கும்போது அது 5 மீட்டர், 3 மீட்டர் என்று இறுகும். விமானங்கள் ஓடித் திரியும் தரைப்பகுதியின் விளிம்பில் இரண்டுமே அரை மீட்டர்.

தடைகளைத் தேடிச் செல்லும் வேலையில் கவர்ச்சி ஏதும் கிடையாது. ஓடுபாதை நுனியில் முக்காலி போட்டு, டோட்டல் ஸ்டேஷன் கருவியின் தொலைநோக்கியை அணுகுப் பரப்பின் சரிவுக்குச் சாய்த்து வைத்துக்கொண்டு, இடமிருந்து வலமாக மெல்லத் திருப்புகிறார்கள். குறுக்குக் கம்பிக்கு மேலே எது தெரிகிறதோ அது சந்தேகத்துக்குரியது. தென்னங்கீற்று, கோபுரக் கலசம், விளம்பரத் தட்டி, செல்போன் கோபுரம், மாடியில் நட்ட இடிதாங்கி, அடுக்குமாடிக்காக நிற்கும் கிரேனின் கை. ஒவ்வொன்றுக்கும் கோணமும் தூரமும் எடுத்து, பெயர் எழுதி, பட்டியலில் சேர்க்கிறார்கள். பெரிய விமான நிலையங்களில் விமானத்திலிருந்து லேசர் கற்றையால் தரையைத் தடவி லட்சக்கணக்கான புள்ளிகளாக எடுத்துவிடுகிறார்கள். அந்த முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு. இடிதாங்கிக் கம்பி போன்ற மெல்லிய பொருட்கள் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நழுவிவிடும். முக்காலிக்காரருக்கு இன்னும் வேலை போகவில்லை.

நகராத பொருள் மட்டும் தடை இல்லை. ஓடுபாதை நுனிக்கு வெளியே சாலை போனால் அதில் போகும் லாரியும் தடைதான். அமெரிக்க விதிப்படி சாதாரணப் பொதுச்சாலையின் உயரத்தோடு 15 அடி, பெரிய நெடுஞ்சாலை என்றால் 17 அடி, ரயில்பாதை என்றால் 23 அடி சேர்த்துக்கொள்ள வேண்டும். சாலை வெறிச்சோடிக் கிடந்தாலும் அந்த லாரி எப்போதும் அங்கே நிற்பதாகவே கணக்கு.

எல்லாவற்றிலும் தொல்லை பிடித்தது மரம். கட்டடம் அனுமதி கேட்கும், கிரேனுக்கு முதலாளி உண்டு. மரம் யாரையும் கேட்காமல் வளர்கிறது. போன வருடம் பரப்புக்கு ஒரு மீட்டர் கீழே இருந்த யூகலிப்டஸ் இந்த வருடம் மேலே வந்துவிடும். அதனால்தான் ஒருமுறை அளந்து கோப்பில் வைத்துவிட்டால் போதாது. அளக்கும்போதே வளர்ச்சிக்கு இடம்விட்டுக் கணக்கிட வேண்டும், மழைக்காலம் முடிந்ததும் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். இதுபோக, தினமும் ஜீப்பில் ஓடுபாதையைச் சுற்றிவரும் விமான நிலைய ஊழியருக்கு, நேற்று இல்லாத ஒன்று அடிவானத்தில் இன்று முளைத்திருக்கிறதா என்று பார்ப்பதும் கடமை. எந்த லேசரையும்விட அந்த இரண்டு கண்களைத்தான் நான் நம்புவேன். ஏனென்றால் கிரேன் ஒரே நாளில் நின்றுவிடும், லேசர் ஆய்வு அடுத்த முறை எப்போதோ வரும்.

மோதினால்தான் தடை என்பதும் இல்லை. மேகத்தில் இறங்கும் விமானத்துக்கு வழிகாட்டும் ஐஎல்எஸ் கருவி, ஓடுபாதையின் மறுமுனையிலிருந்தும் பக்கத்திலிருந்தும் வானொலிக் கற்றைகளை அனுப்புகிறது. பக்கத்தில் உலோகத் தகடு போர்த்திய அகலமான கட்டடம் எழுந்தால், அதில் பட்டுத் திரும்பும் அலை நேர் அலையோடு கலந்து, நேர்கோடாக இருக்க வேண்டிய வழியை வளைத்துவிடும். அந்தக் கட்டடம் எந்தப் பரப்பையும் துளைத்திருக்காது. இந்திய விமான நிலைய ஆணையம் இதற்கென்றே கருவிகள் பொருத்திய சிறு விமானங்களை வைத்திருக்கிறது. டோர்னியர், கிங் ஏர் ரக விமானங்கள். அவை ஊர் ஊராகப் போய், அதே கற்றையில் மறுபடி மறுபடி இறங்கிப் பார்த்து, கோடு நேராக இருக்கிறதா என்று சோதிக்கின்றன.

சில வேளை தடை மதிலுக்குள்ளேயே இருக்கிறது. 2018 அக்டோபர் 12ஆம் தேதி நள்ளிரவு தாண்டி, திருச்சியிலிருந்து 136 பேருடன் துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737 போதுமான உயரம் எடுக்காமல், ஓடுபாதைக்கு அப்பால் நிற்கும், ஐஎல்எஸ் கருவியின் லோக்கலைசர் ஆண்டெனாவையும் சுற்றுச்சுவரின் மேற்பகுதியையும் உரசிக்கொண்டு போனது. வயிற்றுப் பகுதி கிழிந்த நிலையில் பறந்து மும்பையில் பத்திரமாக இறங்கியது. விமானம் ஏன் தாழ்ந்தது என்பது தனிக் கதை, அதற்குச் சுவர் பொறுப்பில்லை. நாம் கவனிக்க வேண்டியது ஆண்டெனாவை. ஓடுபாதையின் நேர்க்கோட்டில் அது நின்றே ஆக வேண்டும், வேறு இடத்தில் வைத்தால் வேலை செய்யாது. ஆகவே விதி சொல்வது, அது எளிதில் முறியும்படி இருக்க வேண்டும் என்பது. விமானம் பட்டால் ஆண்டெனா ஒடிய வேண்டும், விமானம் ஒடியக்கூடாது. திருச்சியில் அது ஒடிந்தது.

தென்கொரியாவின் முவான் விமான நிலையத்தில் அதே கருவியை ஒரு மண்மேட்டின் மேல் கான்கிரீட்டில் பதித்திருந்தார்கள். ஓடுபாதை முடிவிலிருந்து சுமார் 250 மீட்டர் தொலைவு. 2024 டிசம்பர் 29 அன்று சக்கரம் இறங்காமல் வயிற்றால் சறுக்கி வந்த ஜெஜு ஏர் விமானம் ஓடுபாதையைக் கடந்து அந்த மேட்டில் மோதி வெடித்தது. 181 பேரில் 179 பேர் இறந்தார்கள். மேடு ரகசியமாக ஒன்றும் இல்லை, எத்தனையோ பேர் தினமும் பார்த்துக் கடந்த பொருள். ஆனாலும் விபத்து நடக்கும்வரை அது அகற்றப்படவில்லை. அதற்குப் பிறகே கொரிய அரசு மற்ற விமான நிலையங்களிலும் இதுபோன்ற கான்கிரீட் மேடுகளைத் தேடிப்பிடித்து அகற்றும் முடிவுக்கு வந்தது.

இது நம்மை இரண்டாவது கேள்விக்குக் கொண்டுவருகிறது. யாருக்குத் தெரியும்?

நிரந்தரத் தடைகள் விமானத் தகவல் ஏட்டின் அட்டவணையில் ஏறும். அந்த ஏடு 28 நாள் சுழற்சியில், உலகம் முழுக்க ஒரே தேதியில் புதுப்பிக்கப்படுகிறது. கிரேன் 28 நாள் காத்திருக்காது. அதற்குத்தான் நோட்டாம். ஓடுபாதை ஊழியர் கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் சொல்ல, அவர்கள் வானூர்தித் தகவல் பிரிவிடம் சொல்ல, சில வரிகளில் ஓர் அறிவிப்பு உலகத்துக்குப் போகும். வாக்கியம் கிடையாது, ஐந்து எழுத்துக் குறியீடுதான். கியூஓபிசிஈ என்றால் புதிதாகத் தடை எழுப்பப்பட்டுள்ளது. கியூஓஎல்ஏஎஸ் என்றால் தடையின் விளக்கு எரியவில்லை. பிறகு அட்சரேகை, தீர்க்கரேகை, அடிக்கணக்கில் உயரம், எதிலிருந்து எதுவரை என்று நேரம். நேரம் எப்போதும் கிரீன்விச் கணக்கு. நம்மூர்க் கிரேன் காலை ஐந்தரைக்குக் கையைத் தூக்கினால் அறிவிப்பில் அது சைபர் மணி.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் பயனில்லை. சங்கிலி முழுதாக இருந்தும் பயனில்லாமல் போனதுண்டு. 2013 ஜனவரி 16 காலை, லண்டன் வாக்ஸ்ஹாலில் தேம்ஸ் நதிக்கரையில் கட்டிக்கொண்டிருந்த உயரமான கோபுரத்தின் கிரேனில் ஒரு ஹெலிகாப்டர் மோதி விழுந்தது. விமானியும் கீழே தெருவில் போன ஒருவரும் இறந்தார்கள். கிரேனைப் பற்றிய நோட்டாம் முன்பே வெளியாகியிருந்தது. அன்று மூடுபனி, கிரேனின் உச்சி அதற்குள் மறைந்திருந்தது. சான்பிரான்சிஸ்கோவில் 2017 ஜூலையில் ஏர் கனடா விமானம் ஒன்று, நான்கு விமானங்கள் வரிசையில் நின்ற டாக்ஸிவேயை ஓடுபாதை என்று எண்ணி இறங்க இருந்து, கடைசியில் மேலெழும்பித் தப்பியது. பக்கத்து ஓடுபாதை மூடப்பட்டிருந்ததுதான் குழப்பத்துக்கு வழிவகுத்தது. அதைச் சொன்ன அறிவிப்பு விமானிகளிடம் இருந்த 27 பக்கக் கட்டில் எட்டாம் பக்கத்தில் கிடந்தது. அறிவிப்பது வேறு, தெரிவிப்பது வேறு. இன்று பெரிய குறை அளவையில் இல்லை, இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

காகிதத்தை நம்பாமல் கண்ணுக்கு நேராகவே சொல்லிவிடுவது பழைய வழி. உயரக் கோபுரங்களுக்குச் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடிப்பதும் சிவப்பு விளக்கு வைப்பதும் அதற்குத்தான். 45 மீட்டருக்கு மேலென்றால் மினுக்கும் விளக்கு, 150 மீட்டருக்கு மேலென்றால் பகலிலும் தெரியும் பளீர் வெள்ளை விளக்கு. ஹாங்காங்கின் பழைய காய்டாக் விமான நிலையத்தில் ஒரு குன்றின் முகத்துக்கே சதுரங்கக் கட்டம் போல வண்ணம் அடித்திருந்தார்கள். விமானம் அதை நோக்கி நேராக வந்து, கட்டம் தெரிந்ததும் 47 டிகிரி வலப்பக்கம் திரும்பி, கவுலூன் மாடிகளை ஒட்டி இறங்கும். தடையே வழிகாட்டியான அபூர்வம் அது. 1998 ஜூலையில் அந்த விமான நிலையம் மூடப்பட்டது. உயரக் கட்டுப்பாடு போனதும் சுற்றியிருந்த பகுதியில் கட்டடங்கள் எழும்பத் தொடங்கின.

தன் நிலத்துக்கு மேலுள்ள வானம் யாருடையது என்ற வழக்கு பழையது. அமெரிக்காவின் வடகரோலினாவில் காஸ்பி என்பவரின் கோழிப்பண்ணைக்கு மேல், போர்க்காலத்தில், 83 அடி உயரத்தில் ராணுவ விமானங்கள் இறங்கின. மிரண்ட கோழிகள் சுவரில் மோதிச் செத்தன, ஏறக்குறைய நூற்றைம்பது கோழிகள். வானம் எல்லையின்றி நிலக்காரருக்கே சொந்தம் என்ற பழைய கொள்கைக்கு நவீன உலகில் இடமில்லை என்று சொன்ன உச்ச நீதிமன்றம், அதே 1946ஆம் ஆண்டுத் தீர்ப்பில், அவர் பயன்படுத்தக்கூடிய உயரம்வரை அவருக்கு உரிமை உண்டு, இழப்பீடு கொடு என்றும் சொன்னது. இந்தியாவில் 2015 செப்டம்பரில் வந்த உயரக் கட்டுப்பாட்டு விதிகள் இதை நிர்வாகமாக்கின. விமான நிலையத்தைச் சுற்றி 20 கிலோமீட்டருக்கு வண்ணமிட்ட வரைபடம். சிவப்புக் கட்டத்தில் எது கட்டினாலும் இந்திய விமான நிலைய ஆணையத்தின் தடையில்லாச் சான்று கட்டாயம். மற்ற வண்ணங்களில் குறிக்கப்பட்ட உயரம்வரை உள்ளாட்சி அமைப்பே அனுமதி தரலாம். தாம்பரம் போன்ற விமானப்படைத் தளங்களைச் சுற்றி விமானப்படையின் அனுமதி தனி.

விதி இருந்தும் மும்பையில் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் உயரம் மீறியவை என்று கண்ட 48 கட்டடங்களின் மீறிய பகுதியை அகற்றும்படி, மும்பை உயர் நீதிமன்றம் 2022 ஜூலையில் மாவட்ட ஆட்சியருக்கு உத்தரவிட்டது. கண்டுபிடித்ததற்கும் உத்தரவுக்கும் நடுவே பன்னிரண்டு ஆண்டுகள். அத்தனை ஆண்டும் விமானங்கள் அந்தக் கட்டடங்களை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இறங்கின. கட்டி முடித்த மாடியை இடிப்பதைவிட அஸ்திவாரத்தின்போதே ஓர் எண்ணைச் சரிபார்ப்பது மலிவு என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

14ஆம் இணைப்பின் பரப்புகளும் மாறப் போகின்றன. கண்டிப்பாகக் காலியாக வைக்க வேண்டியவை, ஆய்வு செய்து முடிவெடுக்க வேண்டியவை என்று இரண்டு வகையாக அவற்றைப் பிரிக்கும் புதிய முறை 2030 நவம்பரிலிருந்து நடைமுறைக்கு வர இருக்கிறது. பெரு நகரங்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைக்கலாம். எந்த முறை வந்தாலும் அளப்பவரின் வேலை குறையாது.

விமான நிலையத்துக்கு இருபது கிலோமீட்டருக்குள் மனையோ மாடி வீடோ வாங்குகிறவர்கள் விற்பவரிடம் தடையில்லாச் சான்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் இருப்பது கட்டடத்தின் உயரம் இல்லை, கடல்மட்டத்திலிருந்து அனுமதித்த உச்சி உயரம். அதிலிருந்து மனையின் கடல்மட்ட உயரத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் கட்டலாம் என்ற அளவு. லிப்ட் அறையும் தண்ணீர்த் தொட்டியும் இடிதாங்கியும் செல்போன் ஆண்டெனாவும் அந்த அளவுக்குள் அடக்கம். அதைக் கட்டும் கிரேனும்கூட, தனி அனுமதி வாங்காவிட்டால், அந்த உயரத்தைத் தாண்டக்கூடாது.